கருப்புப் பின்னணி என்றால் சோகமா? பழ ஓவியங்களில் நிறத்தைப் படிக்க ஒரு தொடக்கம்

சிவப்பு கோபம், மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் அமைதி, கருப்பு துக்கம். இணையத்தில் எங்கே தேடினாலும் இந்தப் பட்டியல் கண்ணில் படும். லோகோ போடுகிறவர்களுக்கு அது உதவலாம். ஒரு பழக்கூடை ஓவியத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் ஒரு நிமிஷம் தாங்காது.

பழம், பாத்திரம், பூ, ரொட்டி என்று அசையாத பொருள்களை மட்டும் வைத்து வரைவது நிலைப்பொருள் ஓவியம். ஓவிய மாணவர்கள் ‘ஸ்டில் லைஃப்’ என்றே சொல்வார்கள். அழுகிற முகமோ சிரிக்கிற முகமோ அதில் கிடையாது. சண்டை, காதல், சாவு எதுவும் நடப்பதில்லை. ஒரு மனநிலையை நமக்குள் ஏற்ற ஓவியரின் கையில் இருப்பது நிறம், வெளிச்சம், பொருளை வைத்த இடம், அவ்வளவுதான். நிறத்தைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

இரண்டு ஓவியங்களில் தொடங்கலாம். படங்களைத் தேடித் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலாவது, இத்தாலியின் மிலான் நகரில் அம்புரோசியானா ஓவியக்கூடத்தில் இருக்கும் காரவாஜ்ஜோவின் ‘பழக்கூடை’. 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வரைந்தது. பின்னணி முழுக்க வெளிர் மஞ்சள். சுவரா, வானமா என்று சொல்ல முடியாத ஒரே சீரான வெளிச்சம். நிறப் பட்டியலை நம்பினால் இது மகிழ்ச்சியான படம். இப்போது பழங்களுக்கு வாருங்கள். முன்னால் இருக்கும் ஆப்பிளில் பூச்சி துளைத்த ஓட்டை. இலைகளில் ஓட்டைகள், பழுப்புப் புள்ளிகள். வலது பக்கம் போகப் போக இலைகள் வாடிச் சுருண்டு, கடைசியில் நிறமே இல்லாத கருநிழல் மாதிரி தொங்குகின்றன. பின்னணி வெளிச்சமாக இருப்பதால் இந்த வாட்டம் எதுவும் ஒளிந்துகொள்ள இடமில்லை. இருட்டான பின்னணியாக இருந்திருந்தால் அந்தச் சுருண்ட இலைகள் இருட்டோடு கலந்து போயிருக்கும். இங்கே ஒவ்வொரு கிழிசலும் துல்லியமாகத் தெரிகிறது. கூடையும் பலகையின் விளிம்பைத் தாண்டி நம் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க மனசுக்குள் ஒரு சங்கடம்.

இரண்டாவது, ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ தெ சுர்பரான் 1633இல் வரைந்த ‘எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா’. இப்போது அமெரிக்காவில் பாசடீனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னணி கிட்டத்தட்ட முழுக் கருப்பு. அதன் முன்னால் மூன்று தொகுதிகள் ஒரே வரிசையில்: இடது பக்கம் உலோகத் தட்டில் பெரிய நார்த்தை வகைப் பழங்கள், நடுவில் கூடை நிறைய ஆரஞ்சு, அதன் மேல் இலையும் வெள்ளைப் பூவும், வலது பக்கம் இன்னொரு தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர், தட்டின் ஓரத்தில் ஒரு வெளிர் ரோஜா. வெளிச்சம் இடமிருந்து வருகிறது. இதைப் பார்த்துத் துக்கம் என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. சத்தம் போட்டுப் பேசத் தோன்றாத ஓர் ஒழுங்கு, பூஜையில் வைத்த மாதிரி ஒரு மரியாதை. பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆக, வெளிச்சமான பின்னணியில் ஒரு சங்கடம், இருட்டில் ஒரு நிம்மதி. பட்டியல் தலைகீழாகிவிட்டது. காரணம் சுலபமானது: ஒரு நிறம் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. பக்கத்தில் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு பரப்பு, எந்தப் பொருளின் மேல் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறது.

அந்தச் சேர்க்கையைப் பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்? ஓவியர்கள் இதை டோன் என்பார்கள். ஒரு படத்தின் மனநிலையில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கணிப்பு; நாமோ முதலில் பார்ப்பது சிவப்பா பச்சையா என்பதைத்தான். போனில் படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அல்லது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சுர்பரான் படத்தில் பழங்கள் இருட்டிலிருந்து எழுந்து நிற்கும் அந்தக் கம்பீரம் அப்படியே மிஞ்சியிருக்கும். வெளிருக்கும் அடருக்கும் தூரம் அதிகமானால் படத்தில் நாடகம் கூடும். இரண்டும் நெருங்கி நடுவிலேயே நின்றால் படம் மென்மையாகும், சில சமயம் மந்தமாகும்.

நிறம் எவ்வளவு செறிவு? வண்ணக் குழாயிலிருந்து பிதுக்கிய மாதிரி பளிச்சென்று இருக்கிறதா, சாம்பலோ பழுப்போ கலந்து அடங்கியிருக்கிறதா? 1630களில் ஹார்லெம் நகரில் பீட்டர் கிளாஸ், வில்லம் ஹேடா போன்ற டச்சு ஓவியர்கள் உணவு மேசைகளை ஏறக்குறைய ஒரே பழுப்பு-சாம்பல்-பச்சைக் குடும்பத்துக்குள் வரைந்தார்கள். அதில் பாதி உரித்த ஓர் எலுமிச்சை மட்டும், தோல் சுருளாகத் தொங்க, மஞ்சளாக இருக்கும். படம் முழுக்க அடங்கியிருப்பதால் அந்த ஒரு மஞ்சளுக்கு அவ்வளவு குரல்.

சூடா, குளிர்ச்சியா? சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் சூடு. நீலமும் நீலம் கலந்த பச்சையும் குளிர்ச்சி என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். தொடக்கத்துக்குச் சரி. ஆனால் எலுமிச்சை மஞ்சளை மாம்பழ மஞ்சள் பக்கத்தில் வையுங்கள், எலுமிச்சை குளிர்ந்துவிடும். அதையே ஒரு சாம்பல் நிறத் தட்டில் வைத்தால் மறுபடி சூடாகும்.

இந்த அக்கம்பக்கத்து விளைவைச் சும்மா ரசனை விஷயம் என்று தள்ள முடியாது. மிஷேல் எழேன் ஷெவ்ருல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸில் கோபலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கருப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, மங்கலாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் கோளாறே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால் அந்தக் கருப்பு வலுவிழந்து தெரிந்தது. அந்தத் தேடல் 1839இல் ஒரு பெரிய நூலாக வந்தது. அதன்பின் பிரான்ஸில் தூரிகை பிடித்த பலருக்கும் அதன் சாரம் தெரிந்திருந்தது. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து, ரவிக்கைத் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பெண்களுக்கு ஷெவ்ருல் சொன்னதில் பாதி அனுபவத்திலேயே தெரியும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீலத் துண்டின் மேல் வையுங்கள், பிறகு கடுகு மஞ்சள் துணியின் மேல். நீலத்தின் மேல் அது எரியும், மஞ்சளின் மேல் அடங்கி உட்கார்ந்துவிடும். நீலமும் ஆரஞ்சும், சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

இனி ஒரே ஒரு படத்தில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடலாம். ஷார்தென் என்ற பிரெஞ்சு ஓவியர் 1761இல் வரைந்த ‘காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடை’. அகலம் அரை மீட்டர்கூடக் கிடையாது. 2022இல் பாரிஸ் ஏலத்தில் 2 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. பிரெஞ்சு அரசு அதைத் தேசியச் செல்வம் என்று அறிவித்து நாட்டை விட்டுப் போகாமல் தடுத்தது. பிறகு பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி லூவர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஒரு கூடைப் பழத்துக்கா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான்: பலகை மேல் ஒரு பிரம்புக் கூடை, அதில் கூம்பாகக் குவித்த சின்னச் சின்ன ஸ்ட்ராபெர்ரிகள், இடது பக்கம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், முன்னால் இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், வலது பக்கம் ஒரு பீச் பழம், கூடவே செர்ரிகள். பின்னணி பழுப்பு.

சிவப்பிலிருந்து ஆரம்பியுங்கள். படத்தின் நடுவை நிறைத்து அவ்வளவு சிவப்பு இருக்கிறது; ஆனாலும் கோபம், ஆவேசம், அபாயம் எதுவும் தோன்றவில்லை. ஏன்? கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரே சிவப்பு இல்லை. வெளிச்சம் படும் பக்கம் ஆரஞ்சை நோக்கிச் சாய்கிறது, நிழல் பக்கம் ஏறக்குறைய பழுப்பாகி, கூடையின் நிறத்தோடும் பின்னணியோடும் உறவாகிவிடுகிறது. ஒவ்வொரு பழத்துக்கும் கறாரான விளிம்பு போடவில்லை. பழங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து, குவியலே ஒரு பெரிய பழம் மாதிரி ஆகிவிடுகிறது. பின்னணியின் பழுப்பிலும் கொஞ்சம் வெதுவெதுப்பு. அதனால் அந்தச் சிவப்பு எதன் மேலும் மோதாமல் தன் வீட்டில் இருக்கிறது.

இப்படியே விட்டிருந்தால் படம் சுகமாகத் தூங்கிப்போயிருக்கும். அதற்குத்தான் டம்ளரும் வெள்ளைப் பூக்களும். படத்தின் குளிர்ச்சி முழுக்க அந்த இரண்டு இடங்களில். கண்ணாடியின் மேல் சில வெள்ளைத் தீற்றல்கள், உள்ளே சாம்பலான தண்ணீர். கீழே வெள்ளை இதழ்கள். உங்கள் விரலால் திரையில் அந்தப் பூக்களை மறைத்துப் பாருங்கள். சிவப்பு உடனே கனத்துப்போகும், படம் மாலை நேரமாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடி காலை. வெள்ளை என்றால் தூய்மை என்று எழுதிவைப்பதை விட இந்த விரல் சோதனையில் அதிகம் தெரிந்துகொள்ளலாம்: இந்தப் படத்தில் வெள்ளையின் வேலை காற்றோட்டம்.

வலது பக்கத்துப் பீச்சையும் விட்டுவிடக் கூடாது. அதன் தோலில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கின்றன. குவியலின் சிவப்புக்கும் பலகையின் பழுப்புக்கும் இடையே அது ஒரு படிக்கட்டு. அந்தப் பக்கம் இன்னொரு பளிச் சிவப்பு ஆப்பிள் இருந்திருந்தால் நம் கண் அங்கே தாவி மாட்டிக்கொண்டிருக்கும். பீச் கண்ணை மெதுவாக இறக்கிவிடுகிறது. இந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு நிதானம் வருகிறது என்று சொல்கிறார்களே, அந்த நிதானம் இப்படிக் கண் நடக்கும் வேகத்திலிருந்து வருவது.

நிறத்தை மாற்றினால் மனநிலை எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. ஒன்று வான்கோ. 1885இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் இருந்தபோது அவர் ஆப்பிள் கூடைகளையும் உருளைக்கிழங்குகளையும் வரைந்தார். எல்லாம் மண் நிறம். ஆப்பிளுக்கும் கிழங்குக்கும் உற்றுப் பார்த்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். உழைப்பு, குளிர், இருட்டு வீடு. 1886இல் பாரிஸ் போனார். 1887இல் ‘குவின்ஸ், எலுமிச்சை, பேரி, திராட்சை’ என்று ஒரு படம் வரைந்தார்: பழம் மஞ்சள், மேசை மஞ்சள், பின்னணி மஞ்சள், போதாததற்குப் படத்தின் மரச்சட்டத்துக்கும் அவரே மஞ்சள் தீட்டினார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் அந்தச் சட்டத்தோடே இன்றும் மாட்டியிருக்கிறது. அதே மாதிரி பழப் படம்தான், வரைந்தவரும் மாறவில்லை. இரண்டே ஆண்டில் வேறு உலகம். உற்றுப் பார்த்தால் அந்த மஞ்சளுக்குள்ளே பச்சை, நீலம், இளஞ்சிவப்புக் கீற்றுகள் ஓடுகின்றன. அவை இல்லாவிட்டால் மஞ்சள் இவ்வளவு துடிக்காது. நிறச் சேர்க்கைகளைச் சோதிப்பதற்கென்றே அவர் ஒரு பெட்டியில் வண்ண வண்ணக் கம்பளி நூல் உருண்டைகள் வைத்திருந்தார். இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாராம். உணர்ச்சி பொங்கி அள்ளி வீசினார் என்கிற கதையை நம்புகிறவர்கள் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சாட்சி பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். செர்கேய் ஷுகின் என்ற ரஷ்யப் பணக்காரரின் சாப்பாட்டு அறைக்காக 1908இல் அவர் தீட்டிய பெரிய ஓவியம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிதாஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் ‘சிவப்பில் இசைவு’. கறாராகச் சொன்னால் அது நிலைப்பொருள் ஓவியம் ஆகாது. ஒரு பெண் மேசையில் பழத்தட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஜன்னல், அதற்கு வெளியே பச்சை. ஆனால் மேசை விரிப்பும் சுவரும் ஒரே சிவப்பாகி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் பழங்கள் அந்தச் சிவப்பில் மிதக்கின்றன. முதலில் அந்தப் பரப்பு நீலமாக இருந்தது. முடித்த பிறகு மனசு ஒப்பாமல் முழுவதையும் சிவப்பாக்கினார். நீலமாகவே இருந்திருந்தால் மஞ்சள் பழங்கள் எதிர் நிறத்துக்கு நெருக்கத்தில் தனித்தனியாகத் துள்ளியிருக்கும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பச்சையும் அறையோடு ஒட்டிப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்பான பிறகு அறை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஜன்னல் தூரமாகிவிடுகிறது. இங்கேயும் சிவப்பில் கோபம் இல்லை. விருந்துக்கு முந்தைய ஒரு நிறைவு இருக்கிறது.

எல்லாவற்றையும் நிறத்தின் தலையில் கட்டுவதும் தப்பு. பிரெஞ்சு ஓவியர் செசானின் ‘ஆப்பிள் கூடை’யை எடுத்துக்கொள்ளுங்கள், 1893 வாக்கில் வரைந்தது, சிகாகோவில் இருக்கிறது. நிறங்களை மட்டும் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆப்பிள்கள், வெள்ளைத் துணி, சாதாரணச் சமையலறைச் சந்தோஷம். ஆனால் பாட்டில் சாய்ந்து நிற்கிறது, மேசையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே கோட்டில் சேரவே இல்லை, கூடை கவிழ்வது போல் முன்னால் சரிந்திருக்கிறது. ஏதோ நிலைகுலைகிறது என்ற உணர்வு கோடுகளிலிருந்து வருகிறது. உருண்டு விழாமல் அதைப் பிடித்து நிறுத்துவது நிறம். வெள்ளைத் துணியின் மடிப்புகளில் இருக்கும் நிழலைப் பாருங்கள்: நீலமும் சாம்பலும். ஆப்பிள்களின் விளிம்பிலும் அதே நீலச் சாயல் திரும்ப வருகிறது. நிழல் என்றால் கருப்பைக் கலப்பது என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்தப் படம் ஒரு வகுப்பு.

குறியீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுர்பரானின் ஆரஞ்சுப் பூவும் ரோஜாவும் தண்ணீரும் கன்னி மரியாளைக் குறிப்பவை, மூன்று தொகுதிகள் கிறிஸ்தவர்களின் மூவொரு இறைவனை (தந்தை, மகன், தூய ஆவி) குறிக்கின்றன என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கால ஸ்பெயினில் அது பொருந்தக்கூடிய வாசிப்பு. ஆனால் அது வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய செய்தி. படத்தின் மனநிலை அந்தச் செய்தி தெரியாதவருக்கும் எட்டுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், முதலில் கண்ணால் பார்த்து எழுதிவிட்டு, பிறகு குறியீடுகளைத் தேடிப் படிப்பது நல்ல வரிசை. முன்கூட்டியே விளக்கப் பலகையைப் படித்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

கடைசியாக, ஆரம்ப நிலையில் யாரும் சொல்லித்தராத ஒரு சிக்கல். நீங்கள் பார்க்கும் நிறம் ஓவியர் வைத்த நிறம்தானா? 17, 18ஆம் நூற்றாண்டு டச்சுப் பழ ஓவியங்களில், பூ ஓவியங்களில், பல இலைகள் விசித்திரமான நீலமாக இருக்கும். ஓவியர் நீலத்தின் மேல் மெல்லிய மஞ்சள் சாயம் பூசிப் பச்சையாக்கியிருந்தார். செடியிலிருந்து எடுத்த அந்த மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிட, அடியில் இருந்த நீலம் மட்டும் மிஞ்சியது. சில சிவப்புச் சாயங்களும் இப்படி வெளுத்துப்போகும். வான்கோ விரும்பிப் பயன்படுத்திய குரோம் மஞ்சள் வகைகளில் சில காலப்போக்கில் பழுப்பாகக் கறுக்கின்றன. மேலே பூசிய வார்னிஷ் வயதாகி மஞ்சளித்தால் படம் முழுக்கத் தேன் நிறம் ஏறும்; ‘பழைய ஓவியத்தின் வெதுவெதுப்பு’ என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு அந்த வார்னிஷுக்குச் சேர வேண்டியது. ஆகவே நீல இலைகளைப் பார்த்து ‘ஏக்கம்’ என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் படத்தைப் பற்றி அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். படத்தையும் அங்கேயே பாருங்கள். தேடினால் கிடைக்கும் பிரதிகளில் ஒரே ஆரஞ்சு நாலு நிறத்தில் இருக்கும். போனில் பார்ப்பதாக இருந்தால், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எல்லா ஓவியரும் வெதுவெதுப்பாகத்தான் தெரிவார்கள்.